கன்னி ராசிக்கு அரை முட்டை

சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் திருமேனி பிழை திருத்துகிறவராக இருந்தார். பதினான்கு வருஷ சர்வீஸ். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கொம்போ ஒரு புள்ளியோ வாசலைத் தாண்டியதில்லை. கல்யாண வீட்டு பேனரில் 'வாழ்துகிறோம்' என்று இருந்துவிட்டால், பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்த விட்டுப்போன 'த்' அவர் தொண்டையில் நிற்கும். பெண் பார்க்கப் போன இடங்களில் ஜாதகத்தில் இருந்த எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டியே ஏழு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. வயது முப்பத்தேழு ஆகிவிட்டது.

எட்டாவதாகப் போனது கழுகுமலைப் பக்கம். பெண் பால்வாடி டீச்சர். ஜாதகத்தில் 'உலகம்மள்' என்று இருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று நாக்கைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"கால் விட்டுப்போச்சு" என்றார்.

காப்பித் தம்ளரோடு நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். "ஆமா. நீங்களே போட்டுக்கோங்க. பேனா இருக்கா?"

போட்டார். சம்பந்தம் முடிந்தது.

நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா வெள்ளைத்துரை சீர்வரிசையைச் சொன்னார். அவர் தனியார் பஸ் டிரைவர். முப்பது வருஷமாகக் கண்டக்டர் குரலையே கேட்டுக் கேட்டு, எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு 'ரைட்டு' போடாமல் அவருக்கு வண்டி நகராது.

"கட்டிலு, பீரோ. ரைட்டு. மிக்சி, கிரைண்டரு. ரைட்டு. அப்புறம் ஒரு கன்னி. ரைட்டு."

திருமேனியின் தாய்மாமா சங்கிலிக்குப் புரையேறிவிட்டது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு எல்லாம் பேசி முடிக்கிறவர் அவர்தான். "ஏன் சம்பந்தி, நம்ம ஒரு கன்னியத்தான பேசுனோம்? எங்க பயலுக்கு ஒண்ணே ஜாஸ்தி!"

"நாயி சம்பந்தி, நாயி! கன்னி நாயி. எங்க வழக்கத்துல பொண்ண அனுப்புனா கூட நாயையும் அனுப்புவோம்."

"எதுக்கு? மாப்பிள்ளையக் கடிக்கவா?"

"அவசியப்பட்டா. முயலு புடிக்கிற சாதி. இப்ப முயலப் புடிச்சா நம்மளப் புடிச்சிருவாக, அதனால சும்மா ஓடும். மாப்பிள்ள, ரைட்டா?"

திருமேனிக்கு நாயோடு இருந்த பழக்கமெல்லாம் அந்தச் சொல்லில் 'ய்'க்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாக அச்சகத்துக்குப் போகிறவர். "ரைட்டு" என்றார், வேறு சொல் வாயில் வராமல்.

கல்யாணம் முடிந்து சிவகாசிக்கு வேன் புறப்பட்டபோது ஜன்னலோர சீட்டில் கன்னி உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் பெண். மாப்பிள்ளை பின்னால், மெத்தைச் சுருட்டின் மேல், கிரைண்டரைக் கட்டிப் பிடித்தபடி, மாலையோடு. சாத்தூர் தாண்டியதும் கன்னி ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தது. கடன் கேட்டு வந்த தூரத்து உறவைப் பார்க்கிற பார்வை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

கறுப்பு உடம்பு. காலிலும் நெஞ்சிலும் வெல்லப்பாகு நிறம். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொட்டு. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முகம் மட்டும் நீண்டு போய்க்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு பெயர் வேண்டும், அதை மாப்பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது மாமனார் ஏற்பாடு. திருமேனி நாற்பத்திரண்டு பெயர் எழுதினார். 'அஞ்சலை' என்றால் 'அஞ்சல்' என்று பாதியில் நின்றுவிடும். 'வள்ளி'யில் பெரும்பாலானவர்கள் 'ள்'ளைச் சரியாகச் சொல்வதில்லை. இப்படியே நாற்பத்திரண்டையும் அடித்துவிட்டார். நாய் கன்னி என்றே நின்றுபோனது.

வீடு அச்சகத்துக்குப் பின் தெருவில் இரண்டு அறை. கன்னி இரண்டையும் ஒரு சுற்று பார்த்தது, சீர்வரிசையில் வந்த கட்டிலில் ஏறியது, படுத்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது. திருமேனிக்குக் கிடைத்தது சுவரோரம் ஒரு சாண். அதிலும் நாலு காலையும் அவர் முதுகில் முட்டுக்கொடுத்து அது தூங்கும்.

"வேட்டை நாயின்னாக. நாள் பூரா தூங்குதே?" என்றார்.

"ஓடுறப்ப ஓடும். மத்த நேரம் எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றாள் உலகு.

"கொலைக்கவும் மாட்டேங்குது. ஒரு 'லொள்'ளு கூட இல்ல."

"சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தாத்தான கொலைக்கும். சில பேரு மாதிரியா?"

"அது என்னையப் பாக்கவே மாட்டேங்குது உலகு."

"பாக்குதுங்க. நீங்க பாக்காதப்ப பாக்குது."

"எதுக்கு?"

"தேறுவீகளான்னு."

பால்வாடியில் நாற்பது பிள்ளைகளை மேய்த்தவளுக்கு ஒரு நாயும் ஒரு புருஷனும் பெரிய வேலையாக இல்லை. "வா" என்றால் இரண்டும் வந்தன. திருமேனி "வா" என்றால் கன்னி காதை மட்டும் அசைக்கும், ஈ உட்கார்ந்ததுபோல. 'வருக' என்று சொல்லிப் பார்த்தார். அதற்குக் காதும் அசையவில்லை.

செப்டம்பர் மாதம். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒன்பதாம் தேதி காலை உலகுவின் அக்காவுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. பஸ் ஏறுமுன் சொன்னாள்: "அஞ்சு நாளுல வந்துருவேன். கேப்பக் கூழுல மோரு ஊத்தி வைங்க. ஒரு முட்டை. கயித்த மட்டும் கையில சுத்தாதீக, லேசாப் புடிங்க. சரியா?"

"சரி."

"உங்களத்தான் சொல்றேன். அவளுக்குத் தெரியும்."

அன்று கன்னி கூழைத் தொடவில்லை. முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துப் படுத்தது. மறுநாளும் அப்படியே. திருமேனி பயந்துபோய் ஆட்டோ பிடித்து கால்நடை மருத்துவமனைக்குப் போனார். கன்னி ஜன்னலோரம்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாய்க்கு ஒண்ணுமில்ல சார். ஏக்கம். இந்த சாதி அப்படித்தான், வீட்டுல ஒரு ஆளு மேல உசுர வச்சிரும். அந்த ஆளு யாரு?"

"என் வீட்டுக்காரி."

"நீங்க?"

"நான் இன்னும் பரிசீலனையில இருக்கேன்."

"சரி, தினமும் என்ன சாப்பிட்டுச்சு, என்ன பண்ணுச்சுன்னு குறிச்சு வைங்க. ரெண்டு நாள்ல சரியாகலன்னா கொண்டு வாங்க."

வீட்டில் எழுதுகிற தாள் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் பிழை பார்க்க அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த அடுத்த வருஷத்து மார்ச் மாதப் புரூஃப். நாளுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரம், ராகு காலம், அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். மேஷம் – வரவு. ரிஷபம் – சுகம். மிதுனம் – அலைச்சல். திருமேனி ஒன்பதாம் தேதித் தாளை எடுத்தார். தேதி பொருந்தியது. கன்னி என்ற சொல்லும் தயாராக அச்சாகி இருந்தது. இதைவிட ஒழுங்கான நோட்டு கிடைக்குமா? 'கன்னி'க்கு நேராக, 'நன்மை' என்பதன் பக்கத்தில், ஓரமாக 'பட்டினி' என்று எழுதினார். பத்தாம் தேதித் தாளிலும் 'பட்டினி'. பென்சிலால்தான் எழுத நினைத்தார், பிறகு அழித்துவிடலாம் என்று. ஆனால் பென்சிலைக் காணோம். சிவப்புப் பேனாதான் இருந்தது.

பென்சில் பதினோராம் தேதி வெளியே வந்தது, மூன்று துண்டாக, செருப்பு வார் ஒன்றோடு. அந்தத் தேதித் தாளில் 'வாந்தி' என்று குறித்தார்.

பன்னிரண்டாம் தேதி அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து புரூஃப் பார்த்தார். அச்சகத்தில் வாய்விட்டுப் படித்தே பழக்கம். "ராகு காலம், மாலை மூன்று மணி முதல் நாலரை மணி வரை" என்று ஆரம்பித்தார். "சூலம், வடக்கு. பரிகாரம், பால்."

கட்டிலில் ஒரு காது எழுந்தது.

"பால்" என்றார் மறுபடி. இரண்டாவது காதும் எழுந்தது. ஓடிப்போய்ப் பாலை எடுத்து வந்தார். கன்னி பாலைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தது. உட்கார்ந்து மேலே படித்தார். திதி, நட்சத்திரம், யோகம், கரணம். ஒரு மாதத்துக்கான சந்திராஷ்டமம் முழுவதையும் படித்தார். கன்னி ஒவ்வொரு காலாக இறங்கி வந்து, எதிரே நீண்டு படுத்து, முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக் கேட்டது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி வாக்கில், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் எழுந்து போய் முட்டையில் பாதியைத் தின்றது.

திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டாம் தேதித் தாளைத் தேடி எடுத்து, 'அரை முட்டை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அந்த உற்சாகத்தில்தான் மறுநாள் காலை அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். கண்மாய்க் கரை. காற்று சிலுசிலுவென்று இருந்தது. கயிற்றை லேசாகப் பிடிக்கச் சொல்லியிருந்தாள் உலகு. அவருக்கு என்னவோ பத்திரமாக இருக்கட்டும் என்று தோன்றியது. மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டார்.

ஒரு நீலப் பாலிதீன் பை காற்றில் எழும்பி உருண்டது. முயலைவிட நன்றாகவே ஓடியது.

அடுத்து நடந்ததைத் திருமேனியால் வரிசையாகச் சொல்ல முடிந்ததே இல்லை. கை முதலில் போனது. பிறகு தோள். மீதி உடம்பு எப்படியோ சேர்ந்து வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட ஓடாத மனுஷன், கண்மாய்க் கரையில் காலண்டர் தாள் பறக்கிறதுபோல் பறந்தார். ஒரு செருப்பு ஆலமரத்தடியில் நின்றுவிட்டது. வேட்டி கருவேல முள்ளில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. உள்ளே கட்டம்போட்ட டிரவுசர் இருந்தது என்பதுதான் ஆறுதல்.

கரையின் வளைவில் நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டமாக நின்று, கையை உயர்த்தி, உடம்புக்கு நல்லதென்று "ஹா ஹா ஹா" என்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பை வட்டத்துக்குள் புகுந்தது. பின்னால் கன்னி. அதன் பின்னால் திருமேனி. பயிற்சிச் சிரிப்பு நிஜச் சிரிப்பாக மாறியது. நடுவில் நின்றிருந்தவர் அச்சக முதலாளி ஞானய்யா.

"யாருடா அது? ஏய், திருமேனியா? ஓய்! மார்ச்சு புரூஃப் எங்கவே?"

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி!" தூரத்திலிருந்து குரல் வந்தது. "இன்னிக்கே... குடுத்து..."

மீதி காற்றில் போயிற்று.

பையைப் பிடித்ததும் கன்னி சட்டென்று நின்றது. திருமேனிக்கு நிற்கத் தெரியவில்லை. அதைத் தாண்டிப் போய் வாய்க்காலில் விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. கன்னி பையை முகர்ந்து பார்த்து, ஏமாந்த முகத்தோடு துப்பியது. பிறகு இறங்கி வந்து அவரை மேலிருந்து கீழ்வரை முகர்ந்தது. பக்கத்தில் நீட்டிப் படுத்து, அந்த முடிவில்லாத முகத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்துப் பெருமூச்சு விட்டது.

ஓடி வந்தவர்கள் கிட்டே நெருங்கியபோது கன்னி முதல்முறையாகக் குரைத்தாள். ஒரே ஒரு தடவை. அத்தனை பேரும் நின்றார்கள்.

"அண்ணாச்சி, அவ ஒண்ணும் செய்ய மாட்டா" என்றார் திருமேனி கீழே கிடந்தபடி. "எனக்காகக் கொலைக்கா."

"அத இவ்வளவு சந்தோஷமாச் சொல்றீரே! கால் வீங்கிருச்சுய்யா!"

கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள். பகலில் அச்சகத்திலிருந்து கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் ஜெபக்கனி புரூஃப் வாங்க வந்தாள். அதற்குச் சற்று முன்னால்தான் திருமேனி, டாக்டரம்மா சொன்னபடி, பதின்மூன்றாம் தேதித் தாளில் கன்னிக்கு நேராக 'ஓட்டம்' என்று எழுதி முடித்திருந்தார். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் கன்னி அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அசைந்தால் எழுந்துவிடுவாள் என்ற நினைப்பைத் தவிர அந்த நேரத்தில் அவர் மண்டையில் வேறெதுவும் இல்லை.

"சத்தம் போடாம எடுத்துட்டுப் போ தாயி" என்று கிசுகிசுத்தார்.

ஜெபக்கனி கெட்டிக்காரி. ஒரு வருஷம் முன்பு ஏதோ ஒரு தாளில் இது தப்பாக இருக்குமோ என்று யோசித்துத் தானாக ஒன்றை மாற்றிவிட்டாள். திருமேனி அன்று அவளை உலுக்கியெடுத்திருந்தார்: "நீ யோசிக்காத. நான் செகப்புல எழுதுனத அப்படியே அடி. போதும்." அவள் அன்றிலிருந்து யோசிக்கவில்லை.

மாலையில் உலகு வந்து இறங்கினாள். பெண் குழந்தை, சுகப் பிரசவம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், கட்டிலைப் பார்த்து நின்றாள். புருஷன் நடுவில். அவர் கையிடுக்கில் நாய். கன்னி வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டினாள், எழுந்திருக்கவில்லை.

"அடிப் பாவி மகளே! அஞ்சு நாளுல கட்சி மாறிட்டியா?"

"தேறிட்டேன் உலகு" என்றார் திருமேனி.

"காலப் பாத்தாத் தெரியுது!"

அடுத்த வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி வரை எல்லாம் நன்றாகவே போனது. ஒன்பதும் பத்தும் 'கன்னி – பட்டினி' என்று வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராசிபலனில் அதைவிட மோசமெல்லாம் வருவதுண்டு. பதினோராம் தேதி 'வாந்தி' என்று கிழித்த சிலர் முகம் சுளித்தார்கள். பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கெல்லாம் அச்சகத்துப் போன் அடிக்க ஆரம்பித்தது.

திருமேனி வந்தபோது முதலாளி ஞானய்யா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். மறுமுனையில் மதுரைப் பக்கம் சைவ ஓட்டல் நடத்துகிறவர். கடைப் பெயர் போட்டு இரண்டாயிரம் காலண்டர் வாங்கி வாடிக்கையாளருக்கெல்லாம் கொடுத்தவர்.

"மூணு தலைமுறையா முட்டை வாசம் தெரியாத கடைங்க! என் பேருக்குக் கீழ அரை முட்டைன்னு போட்டிருக்கீங்க! மீதி அரை எங்கன்னு கேக்கிறான் ஒருத்தன்!"

போனை வைத்துவிட்டு ஞானய்யா தாளை நீட்டினார். "வாசியும்."

திருமேனி வாசித்தார். மேஷம் – வரவு. ரிஷபம் – சுகம். கன்னிக்கு வந்ததும் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பதினான்கு வருஷம் அவர் காலடியிலிருந்து அப்படியே நழுவிப் போனது.

"நான் யோசிக்கலண்ணே" என்றாள் வாசலில் நின்ற ஜெபக்கனி. "நீங்க செகப்புல எழுதியிருந்தீக. கோடு வேற போட்டிருந்தீக."

"அவ மேல தப்பில்ல அண்ணாச்சி. அது ராசி இல்ல, நாயி. நாயி தின்னது."

"நாயி தின்னதையா ஊருக்கெல்லாம் பலன்னு போட்டிருக்கீரு?"

"ஆமா."

"நாளைக்கு என்ன?"

"ஓட்டம்."

ஞானய்யா தலையில் கை வைத்தார். அப்போது அவர் வீட்டிலிருந்து போன். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது. வைத்துவிட்டு, திருமேனி கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"எங்க வீட்டம்மாவுக்குக் கன்னி ராசி" என்றார். "ஒம்போதும் பத்தும் விரதம், பட்டினி. நேத்து ஒரே மூச்சுல பால்கோவா தின்னு வாந்தி. இன்னிக்கு அவிச்ச முட்டையில பாதிதான் எறங்குச்சாம். இதுவரைக்கும் இப்படிச் சொன்னது சொன்னபடி நடந்த காலண்டரே இல்லங்கா. நாளைக்கு ஓட்டம்னு போட்டிருக்காமே, எந்தப் பக்கம் ஓடணும்னு உம்மகிட்ட கேக்கச் சொன்னா."

திருமேனி கிழக்கேயும் மேற்கேயும் பார்த்தார்.

"சூலம் பாத்துச் சொல்லும்" என்றார் ஞானய்யா. அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

வேலை போகவில்லை. ராசிபலன் மட்டும் அவர் கையை விட்டுப் போனது. அதை ஜெபக்கனி பார்க்க வேண்டும், யோசித்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவள் அவரைவிட நன்றாகவே பார்த்தாள். ஓட்டல்காரருக்கு மாற்றுக் காலண்டர் அடித்துக் கொடுத்தார்கள். திருமேனி ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். அப்புறம் பழகிப்போனது. கல்யாணப் பந்தியில் பிழையோடு இருந்த பேனரைப் பார்த்தும், யார் வீட்டு நாய் என்ன பண்ணியதோ என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். உலகு அந்த ஐந்து தாளையும் வாசித்து வாசித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'அரை முட்டை'யின் அடியில் இருந்த கோட்டைப் பார்த்ததும் மட்டும் சிரிப்பை நிறுத்தி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் இரண்டு விழுந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை வந்தார். வாசலிலிருந்தே "கன்னி! ஏலா கன்னி!" என்று ஹாரன் அடித்தார். கன்னி அவரைப் பார்த்து வாலாட்டினாள், திருமேனியின் பாதத்தின்மேல் படுத்தபடியே.

"என்ன, எந்திரிக்க மாட்டேங்கா? நான் தூக்கி வளத்த நாயி!" அவருக்கு முகம் தொங்கிவிட்டது. காப்பியையும் பாதியில் வைத்துவிட்டார். "சரி. ஓட விட்டீகளா, அதாவது உண்டா? இல்ல காலண்டர் வாசிச்சுக் காட்டியே கெடுத்து வச்சிருக்கீகளா?"

சாயங்காலம் எல்லோருமாக ஊருக்கு வெளியே போனார்கள். மழை காணாத கண்மாய், ஒரு மரம் இல்லாமல் அந்தக் கோடிவரை விரிந்து கிடந்தது. வெள்ளைத்துரை கயிற்றை அவிழ்த்தார். "போ!"

கன்னி மண்ணை முகர்ந்தாள், காற்றை முகர்ந்தாள். பிறகு போனாள். திருமேனி அவள் ஓடுவதை இதுவரை பின்னாலிருந்துதான் பார்த்திருந்தார், அதுவும் இழுபட்டுக்கொண்டு. உடம்பு ஒரு தடவை வில்லாக மடங்கும், அடுத்த தடவை கயிறாக நீளும். நாலு காலும் மண்ணில் இல்லாத நேரம்தான் அதிகம். புழுதி ஒரு கோடாக எழுந்து அவளுக்கு ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"ஏய்! ஏய்! உலகு, பாரேன்! பாரு உலகு!" திருமேனி குதித்தார். போன வருஷம் பிசகின கணுக்கால் ஞாபகமே இல்லை.

"கத்தாதீக மாப்பிள்ள" என்றார் வெள்ளைத்துரை, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தபடி. "சும்மா பாருங்க."

உலகு சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். மூவரும் கரைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் கோடிக்குப் போய் ஒரு கறுப்புப் புள்ளியாக நின்று திரும்பிப் பார்த்தவள், அவசரமே இல்லாமல், இங்கும் அங்கும் முகர்ந்துகொண்டு நடந்து வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் சேவு காலியாகியிருந்தது.